சவுண்ட் சர்வீஸ் பதில்கள்: மாற்ற வேண்டியது ஒயரையா, மரத்தையா?

கேள்வி: சார், துபாயில் இருக்கும் மாமா லீவுக்கு வந்தபோது எனக்கு கிராடோ எஸ்ஆர்80எக்ஸ் ஹெட்போன் வாங்கி வந்தார். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் காலேஜுக்குக் கொண்டுபோனால், "என்னடா, தந்தி ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்துட்டியா?" என்று கிண்டல் செய்கிறார்கள். மடங்காது, ப்ளூடூத் கிடையாது, ஒயர் இஸ்திரிப் பெட்டி ஒயர் மாதிரி தடிமன். பக்கத்தில் உட்காருபவனுக்கும் பாட்டு கேட்கிறது. எழுபது வருஷமாக ஒரே குடும்பம் நடத்தும் கம்பெனி என்கிறார்கள். இவர்கள் காலத்துக்கு ஏற்ற மாதிரி டிசைனை மாற்ற வேண்டாமா? இல்லை, இது வெறும் பிடிவாதமா?
(கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை)

பதில்: தம்பி, அதைக் காலேஜுக்குக் கொண்டுபோனது உங்கள் தப்பு. அது வீட்டுக்குள் வைத்துக் கேட்க வேண்டிய சாமான். பின்பக்கம் வலை போட்டுத் திறந்து வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னாலும் தள்ளும். மூடிய ஹெட்போனில் அந்தப் பின்பக்கச் சத்தம் கிண்ணத்துக்குள்ளேயே முட்டி மோதிக் காதுக்குத் திரும்பி வரும். திறந்ததில் அது வெளியே போய்விடும். அதனால்தான் மிருதங்கத்தின் வலந்தலை அடி துண்டாகக் கேட்கிறது, பாடுகிறவர் உங்கள் மண்டைக்குள் உட்காராமல் கொஞ்சம் தள்ளி நின்று பாடுகிறார். பக்கத்து சீட்டுக்காரனுக்குப் பாட்டு கேட்பதும் அதே திறப்பினால்தான். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

டவுன் பஸ்ஸில் போட்டால் என்ன ஆகும்? ஏர் ஹாரன் உள்ளே வரும், உங்கள் பாட்டு வெளியே போகும். நான் காலையில் நாலரை மணிக்குக் கேட்கிறேன். ஆறு மணிக்கு வீட்டில் குக்கர் விசில் அடித்துவிட்டால் கழற்றி வைத்துவிடுவேன். அதற்குமேல் போராடிப் பயனில்லை.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். ஜோசப் கிராடோ என்பவர் கடிகாரம் செய்கிறவர். 1953இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆரம்பித்தார். அப்போது ஹெட்போன் இல்லை, கார்ட்ரிட்ஜ். இசைத்தட்டின் மேல் ஊசியோடு உட்காருமே, அந்தக் குட்டிச் சாமான். கடிகார வேலை பார்த்த கை என்பதால் அந்த நுணுக்கம் வந்தது. 1990இல் ஜோசப்பின் சகோதரர் மகன் ஜான் கிராடோ பொறுப்புக்கு வந்தார். சிடி வந்து இசைத்தட்டு வியாபாரம் படுத்த நேரம் அது. கார்ட்ரிட்ஜை மட்டும் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இன்று அந்தப் பெயரை நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஹெட்போன் பக்கம் திரும்பினார்கள். எஸ்ஆர்60 என்று ஒன்றை 69 டாலருக்கு விற்றார்கள், அது பிழைக்க வைத்தது. அப்புறம் ஜானின் மகன் ஜொனாதன் வந்தார். ஜோசப் 2015இல் இறந்தார்.

அதனால் 'மாறாத குடும்பம்' என்பது பாதிதான் உண்மை. வியாபாரத்தையே தலைகீழாக மாற்றியவர்கள்தான். மாற்றாமல் வைத்திருப்பது உருவத்தை. தலைக்கு மேல் ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கம்பி, கம்பியில் வட்டக் கிண்ணம், கிண்ணத்தில் பஞ்சு. விலை கூடிய சாதியில் கிண்ணம் மரம்: மகோகனி, மேப்பிள். புரூக்ளினிலேயே வெட்டிய ஒரு மேப்பிள் மரத்தில் ஒரு வரிசை செய்தார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சேலத்தில் குகை என்கிற பகுதியில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதம் வண்டி வேடிக்கை என்றால் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் தெருவில் கத்தும். ஆம்ப்ளிஃபையரை அவரே கட்டுவார், வால்வு போட்டது. மண்டபத்துக்குள் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியைத் தேக்குப் பலகையில் ஆசாரியோடு உட்கார்ந்து அடிப்பார். மூலை இணைப்பில் ஒரு தாள் நுழைந்தாலும் பிரித்து மறுபடி அடிக்கச் சொல்வார். ஆசாரி வாய்க்குள் திட்டிக்கொண்டே செய்வார்.

எண்பதுகளில் கல்யாண வீட்டுக்காரர்கள் கேசட்டோடு வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்குப் பிடித்த பாட்டெல்லாம் ஒரே கேசட்டில் பதிந்து எடுத்து வருவார்கள். எங்கள் ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டு பிளேயருக்கும் மைக்குக்கும்தான் சாக்கெட் இருந்தது. டேப்புக்கு ஒரு சாக்கெட் வைக்க அரை மணி நேர வேலை, ஐந்து ரூபாய்ச் சாமான். அப்பா வைக்க மாட்டேன் என்றார். "பாட்டுன்னா தட்டுலதான்டா கேக்கணும், நாடாவுல கேட்டா இரைச்சல்தான்" என்பார். இரைச்சல் உண்மைதான். ஆனால் இரண்டு முகூர்த்த சீசன் போனது, எங்கள் வாடிக்கையில் பாதி அடுத்த தெரு செட்டுக்காரரிடம் போய்விட்டது. அவர் பெட்டி தகர டப்பா மாதிரி அதிரும். ஆனால் டேப் போடலாம்.

அப்பாவுக்கு அப்புறம் கடை என் கைக்கு வந்தது. நான் நவீனம் ஆனேன். சாக்கெட் வைத்தேன், அது நல்ல காரியம். அதோடு நிற்கவில்லை. தேக்கை விட்டுவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மேலே மைக்கா ஒட்டிப் பெட்டி அடித்தேன். பளபள என்று இருக்கும், விலையும் பாதி. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். அந்த வருஷ மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் பெட்டி ஊறிப்போய் ரவா உருண்டை மாதிரி ஓரம் உதிர்கிறது. மலைமேல் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் என்பதை யோசிக்கவில்லை. பங்களாக்காரர் திட்டவில்லை. "உங்கப்பா செஞ்சது கீழ் வீட்ல இருக்கு, இன்னும் பாடுது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா மாற்ற வேண்டியதை மாற்றவில்லை, நான் மாற்றக் கூடாததை மாற்றினேன். நஷ்டம் இருவருக்கும்தான்.

கிராடோவுக்கும் எனக்கு அதே கணக்குதான். அவர்களுடைய 'சாக்கெட்' எது? ஒயர். அந்த வட்டக் கிண்ணம் கம்பியில் முழுச் சுற்றும் சுற்றும். கழற்றிக் கழற்றி வைக்கும்போது உங்களுக்கே தெரியாமல் சுற்றிக்கொண்டே போகும், ஒயர் முறுக்கிக்கொள்ளும். இரண்டு வருஷம், மூன்று வருஷம் கழித்து கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில் உள்கம்பி அறும். ஒரு பக்கம் கரகர என்னும், பிறகு ஊமை. ஒயர் உள்ளே ஈயத்தால் பற்ற வைத்தது, கிண்ணம் பசையால் ஒட்டியது. என்னைப் போன்றவன் ஹேர் டிரையரில் சூடு காட்டி, மெதுவாக நெம்பித்தான் திறக்க வேண்டும். பாட்டு கேட்கிற மனுஷனுக்கு இது ஏன்? ஜெர்மனியில் சென்ஹைசர் 1997இலேயே எச்டி600 என்று ஒன்று கொண்டுவந்தது. ஒயர் கையால் இழுத்தால் வரும், காதுப் பஞ்சு வரும், தலைப்பட்டைப் பஞ்சும் வரும். எதற்கும் மெக்கானிக் வேண்டாம். உருவம் அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும். அதை யாரும் பழைய காலம் என்று கிண்டல் செய்வதில்லை.

கிராடோவுக்கு இது உறைக்கவே இத்தனை வருஷம் ஆனது. 2025இல் வந்த சிக்னேச்சர் வரிசையில் கழற்றி மாட்டும் ஒயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது பெரிய விலைச் சாமான். உங்களிடம் இருப்பது போன்ற சின்ன விலைச் சாமானுக்கு அது இறங்கி வர வேண்டும். ஒயர் அறுந்தால் தூக்கிப் போடுகிறவன் காசு குறைவாக வைத்திருப்பவன்தானே.

தலைப்பட்டையும் அப்படித்தான். கம்பி நழுவுகிறது, ஒரு மணி நேரம் போட்டால் உச்சி வலிக்கிறது. இதை 'பாரம்பரியம்' என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வலியில் என்ன பாரம்பரியம்?

ஆனால் அந்தத் திறந்த கிண்ணம், மரம், பஞ்சின் கனம் இவற்றில் கை வைக்கக் கூடாது. டிசைனர் ஒருவரைக் கூப்பிட்டு, 'இன்றைய இளைஞர்களுக்கு' என்று வழவழ பிளாஸ்டிக்கில் மூடி, மடக்கி, பையில் போடுகிற மாதிரி செய்தால் அதே சாமானை இருபது கம்பெனி பாதி விலையில் செய்கிறது. வாங்குகிறவன் எதற்கு இவர்களிடம் போவான்?

ப்ளூடூத் கேட்டீர்கள். அதையும் செய்துதான் பார்த்தார்கள், 2018இல் ஜிடபிள்யூ100. பின்பக்கம் திறந்தது, ஒயரும் இல்லை. நல்ல முயற்சிதான். ஆனால் பேட்டரி என்று ஒன்று உள்ளே போய்விட்டால் ஆயுசு பேட்டரியின் ஆயுசு. உங்கள் ஒயர் ஹெட்போனில் சாவதற்கு ஒயரும் பஞ்சும் தவிர ஒன்றுமில்லை. உங்கள் மகனும் கேட்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. உருவத்தை மாற்றாமல் இருந்ததால் அழிந்துபோவார்கள் என்று பயமுறுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் காஸ் கம்பெனி 1984இல் கொண்டுவந்த போர்ட்டா புரோ ஹெட்போன், அதே மடங்கும் தகரப் பட்டையோடு இன்றும் விற்கிறது. உருவத்தைத் தொடாமல் ஒயர் இல்லாத ஒன்றையும் பக்கத்தில் வைத்தார்கள். அந்தப் பக்கம் பார்த்தால், எல்லாவற்றிலும் முன்னால் ஓடிய சென்ஹைசர் குடும்பம் வீட்டு உபயோக ஹெட்போன் வியாபாரத்தை ஸ்விட்சர்லாந்தின் சோனோவா கம்பெனிக்கு 2021இல் பேசி முடித்து, 2022இல் கொடுத்துவிட்டது. 1924இல் பெர்லினில் தொடங்கிய பேயர்டைனமிக் என்ற ஹெட்போன் கம்பெனியை 2025இல் ஒரு சீனக் கம்பெனிக்கு விற்பதாக அறிவித்தார்கள். ஆக, புதுசு புதுசாகப் போட்டவர்கள் எல்லாம் குடும்பச் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்றும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது: ஹெட்போனைக் கழற்றி வைக்கும்போது இரண்டு கிண்ணமும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், முறுக்கியிருந்தால் எதிர்ப்பக்கம் சுற்றி விடுங்கள். போனில் ஹெட்போன் குத்தும் வட்டச் சாக்கெட் இல்லையென்றால் டைப்-சியில் மாட்டும் சின்னக் கன்வர்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை. அதன் மின்தடை 38 ஓம்தான், போனே ஓட்டிவிடும். காலேஜுக்கு இருநூறு ரூபாய் இயர்போன் போதும். தந்தி ஆபீஸ் கிண்டலுக்குப் பதில் என்னிடம் இல்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஏற்காட்டில் காபித் தோட்டம் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவரும் கிராடோதான் வைத்திருக்கிறார், எஸ்ஆர்60 பழையது. காதுப் பஞ்சு பிசுபிசுத்து, கறுப்புத் துகளாகக் காதில் ஒட்டுகிறது. துவைக்கலாமா? கடையில் தோல் மாதிரி மெத்தை விற்கிறார்கள், நன்றாகப் பொருந்தும் என்கிறார்கள். போடலாமா?
(வாசகி, ஏற்காடு)

பதில்: துகள் உதிர ஆரம்பித்துவிட்டால் துவைத்துப் பயனில்லை சகோதரி, தூக்கிப் போடுங்கள். பஞ்சு தேய்கிற சாமான், செருப்பு மாதிரி. புதுப் பஞ்சு வாங்கியதும் மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பூ போட்டு அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி, நிழலில் காய விடுங்கள். உங்கள் ஊரில் நவம்பரில் துணியே மூன்று நாள் காயாது, அதனால் காய்ந்தது என்று நம்பி ஈரத்தோடு மாட்டிவிடாதீர்கள்.

தோல் மெத்தை வேண்டாம். பஞ்சு வெறும் மெத்தை இல்லை, சத்தத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் எவ்வளவு தூரம், சத்தம் பக்கவாட்டில் எவ்வளவு கசியலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். தட்டைப் பஞ்சு காதின் மேல் உட்காரும். நடுவில் குழிந்த கிண்ணப் பஞ்சு போட்டால் ஸ்பீக்கர் கொஞ்சம் தள்ளிப் போகும், சபாவில் இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்த மாதிரி. தோல் போட்டால் கசிவு அடைபடும், கீழ்ஸ்தாயி புஸ்ஸென்று ஊதிக்கொண்டு பாடுகிறவர் போர்வைக்குள் போய்விடுவார். உங்கள் கணவருக்கு எது பழக்கமோ அதே பஞ்சு வாங்குங்கள்.

அப்புறம், அதை அலமாரியில் துணிகளோடு வைக்காதீர்கள். பிஸ்கட் டப்பாவில் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் போதும். உங்கள் மலை எனக்கு ஒரு ஜோடிப் பெட்டி கடன் வைத்திருக்கிறது, மேலே படித்திருப்பீர்கள்.

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பரம்பரையாகக் கொலுசுப் பட்டறை. போன இதழில் நீங்கள் பழைய ரேடியோக்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். என் மகன் கையால் செய்வதை விட்டுவிட்டு மெஷினில் லேசான கொலுசு போடலாம் என்கிறான். புது டிசைன்தான் ஓடுகிறது என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?
(வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: வெள்ளி விஷயத்தில் நான் என்ன சொல்வது ஐயா, செவ்வாய்ப்பேட்டைக்காரரிடமே. வெள்ளி விற்கிற விலைக்கு லேசாகக் கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், மகன் சொல்வதில் அவ்வளவு தப்பில்லை.

வாங்குகிறவனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். என் மனைவியிடம் இருபத்தைந்து வருஷத்துக் கொலுசு ஒன்று இருக்கிறது. நடந்து வருவது சமையலறையிலிருந்தா, மாடியிலிருந்தா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஒவ்வொரு முத்தும் வேறு வேறு குரலில் பேசும். மகளுக்குப் போன வருஷம் வாங்கிய மெஷின் கொலுசில் எல்லா முத்தும் ஒரே குரல், சைக்கிள் பெல் மாதிரி. காது பார்த்து வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அது தெரிகிறது. எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டால், மகளுக்கே தெரியவில்லை.

அந்தப் பழைய கொலுசின் கொக்கியைப் பற்றிக் கேளுங்கள், மனைவி கதை கதையாகச் சொல்வாள். எத்தனை புடவை கிழிந்தது, எத்தனை தடவை பஸ் படியில் மாட்டியது. மகளின் கொலுசில் இருக்கும் பூட்டு அருமையாக இருக்கிறது. உங்கள் மகனிடம் முதலில் அந்தப் பூட்டில் கை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஜோடி செய்து கடைவீதியில் கொடுத்துப் பாருங்கள். நான் ஒரு ஜோடி எடுத்துக்கொள்கிறேன், கூலி முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் யோசனை சொல்கிறீர்கள். நீங்கள் என்ன ஹெட்போன் வைத்திருக்கிறீர்கள்?
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: எஸ்ஆர்60, அதுவும் ஒரு வாடிக்கையாளர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, "வேண்டாங்க, நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லிப் போனது. தலைப்பட்டைக்கு மனைவியின் பழைய வெல்வெட் பிளவுஸ் துணி சுற்றியிருக்கிறேன், உச்சி வலிப்பதில்லை. ஒயர் இடது பக்கம் மூன்று தடவை அறுந்து மூன்று தடவை பற்ற வைத்தாயிற்று. நாலாவது தடவை அறுந்தால் கிண்ணத்தில் துளை போட்டுச் சாக்கெட் வைத்துவிடலாம் என்று சாமானெல்லாம் வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். எட்டு மாதமாகிறது, இன்னும் அறுந்தபாடில்லை.